ஐஸ் இல்லாமல் போன சாம்பிள்

இந்நிகழ்வுக்கு முன்பே நான் முப்பத்தோராண்டுகள் பேத்தாலஜிஸ்டாகப் பணியாற்றியவன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் திண்டிவனத்துப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் ஸ்லைடு பார்த்து அறிக்கை எழுதி வந்தேன். என் கையெழுத்துக்குப் பிறகு வேறொருவர் கருத்தைக் கேட்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இருந்ததில்லை.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகள் விழுப்புரத்தில் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டிருந்தார். அவருடைய ரத்த ஸ்லைடு முழுவதும் பிளாஸ்ட் எனப்படும் முதிராத வெள்ளணுக்கள். அக்யூட் லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் என்பதில் ஐயமில்லை. அதில் லிம்பாய்டு வகைக்கு ஒரு மருந்து. மைலாய்டு வகைக்கு வேறு.

"எந்த வகைன்னு எழுதிக்குடுத்தாதான் மருந்து ஏத்துவாங்களாம் ஐயா. நாலு நாளா அலைஞ்சிக்கினு கெடக்கறோம்," என்றார் தந்தை.

'லிம்பாய்டு' என்று எழுதினேன்.

டெக்னீசியன் ஷாஹின் கோட்டக்குப்பத்துக்காரர். "கண்ணால பிரிக்கற பிளாஸ்ட் இல்ல சார் இது. செல்லு மேல இருக்கற மார்க்கரைப் பாத்துடலாம். சென்னைக்கு ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பறேன்."

"உன் திருப்திக்கு அனுப்பும்மா. ஐஸ் நெறைய வை."

வெளியூர் செல்லும் எதையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு பஸ்ஸில் ஏற்றுவது எங்கள் முறை.

மறுநாள் பதினொன்றரைக்கு முடிவு வந்தது. லிம்பாய்டு மார்க்கர்களான சி.டி.19, சி.டி.3 இல்லை. மைலாய்டு மார்க்கர்களான சி.டி.13, சி.டி.33 இருந்தன. என் அறிக்கையை நம்பி விழுப்புரத்தில் அன்று மாலையே மருந்து தொடங்கவிருந்தனர்.

"ஐஸ் வெச்சியா?"

"வெக்கல சார்."

"அப்ப சாம்பிள் கெட்டுப்போச்சு. என் ரிப்போர்ட்தான் சரி."

"இதுக்கு ஐஸ் வெச்சாதான் சார் கெடும். ரூம் டெம்பரேச்சர்ல போனாதான் செல்லு உசுரோட போய்ச் சேரும்."

முறையை மீறியதற்காக அவரைக் கண்டித்தேன். பதில் இல்லாதபோது மேலதிகாரிக்குக் கைகொடுப்பது கண்டிப்புதான்.

"திட்டறத அப்பறம் திட்டுங்க சார். ஜல்தியா விழுப்புரத்துக்கு ஒரு போன் போடுங்க."

போடவில்லை. அவர் மீதமிருந்த ஸ்லைடுக்கு மைலாய்டு செல்லைப் பழுப்பாகக் காட்டும் எம்.பி.ஓ. சாயமேற்றி என் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிளாஸ்ட்டுகளுக்குள் பழுப்புத் துகள்கள். எனக்கெதிராக என் கண்ணையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்.

போனை எடுத்தேன். "மருந்து ஏத்தாதீங்க டாக்டர். என் ரிப்போர்ட் தப்பு."

"நல்லவேள சார். இப்பதான் மருந்து கலக்கப் போனாங்க."

இளையவர்கள் அறிக: மார்க்கர் முடிவு வரும்வரை 'அக்யூட் லுகேமியா' என்பதோடு பேனா நிற்க வேண்டும்.

அறிக்கையைத் திருத்த நான் இரண்டு நாள் மறுத்ததாகத் திண்டிவனத்தில் சிலர் கூறிவருகின்றனர். அது தவறு. பதினொன்றரை மணி முதல் நாலேகால் மணி வரை மட்டுமே மறுத்தேன்.