திரையின் கடைசி வரி

பெங்களூர் பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டருக்கு மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கடைசி வரியில் எட்டுப் பெட்டிகள். எஃப் ஒன் முதல் எஃப் எய்ட் வரை எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று அவற்றில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஒரு பெட்டிக்கு எட்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. டிஸ்பாட்ச் கச்சிதமாக அடங்கிவிடும். புரோகிராமர் ஒருமுறை சொன்னார்: "பெட்டில எழுதறது ஒரு லைன் அக்கா, பட்டன் பண்ற வேலை வேற லைன். ரெண்டையும் சேர்த்து மாத்தலேன்னா கதை கந்தல்."

எங்களில் யாரும் அந்தப் பெட்டிகளைப் படித்ததே இல்லை. ஆறை அடித்தால் பில் போகும், லாரி கிளம்பும். எட்டு என்றால் ரத்து. இதெல்லாம் விரலுக்கே தெரியும்.

எனக்கு அது வசதியாக இருந்தது. கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்வையின் கீழ்ப்பாதி மங்கிக்கொண்டே வந்தது. பில்லை முகத்துக்கு நேரே பிடித்துப் படிப்பேன். திரையின் நடுப்பகுதி தெரியும். கடைசி வரி தெரிய வேண்டுமானால் குனிந்து மூக்கை ஒட்ட வைக்க வேண்டும். சொட்டு மருந்தும் பரிசோதனையும் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டில் ஓடின. வேலை போனால் கார்டு போகும், கார்டு போனால் கண் போகும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவள், டப்பாவில் எனக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவருவாள். சூப்பர்வைசர் இடம் காலியாகப் போகிறது, அடுத்தது நான்தான் என்று கிடங்கு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மேனேஜர் வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், கழுத்தை அறுப்பதென்றாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்.

"பட்டன் எல்லாம் இடம் மாறியிருக்கு. பழக்கத்துல அடிக்காதீங்க, கீழ எழுதியிருக்கறதப் படிச்சு அடிங்க" என்றவர், நேராக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "உங்ககிட்டயே ஆரம்பிக்கலாமாம்மா?"

நான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவ்வளவு அக்கறையாக அவள் வேலை பார்த்து நான் கண்டதில்லை. எல்லாம் புரிந்துபோயிற்று.

ஒரு பில்லை அடித்து முடித்தேன். விரல் ஆறின் மேல் நின்றது. பழக்கத்தில் அடித்தால் தப்பாகும், குனிந்தால் குட்டு உடையும். "ஸ்வல்ப கீழ பாருங்கம்மா" என்றார் மேனேஜர், பாதிக் கன்னடத்தில். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குனிந்தேன். நெற்றி திரைக் கண்ணாடியில் இடித்தது. மூக்கால் மோந்து பார்ப்பதுபோல் ஒவ்வொரு பெட்டியாகப் படித்தேன். ஆறில் கேன்சல் இருந்தது, டிஸ்பாட்ச் எட்டுக்குப் போயிருந்தது. எட்டை அடித்தேன். பில் போனது.

"சரியாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றார். "எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா சார். வேலைல ஒரு தப்பு வந்ததில்ல."

"மருந்து சமாச்சாரம். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? ஹெச்.ஆர்ல போய் உக்காருங்கம்மா."

நான் எழுந்து கதவை எட்டுவதற்குள் பக்கத்து சீட்டில் சத்தம் கேட்டது. அவள் ஆறை அடித்து ஓசூர் லோடு மொத்தத்தையும் ரத்து செய்திருந்தாள். இரண்டு கண்ணும் கிண்ணென்று இருப்பவள். "ஐயோ சார், கை பழக்கம்" என்றாள்.

"பரவால்லம்மா, பழக்கம்தானே" என்றார் அவர்.

ஹெச்.ஆர். பெண் நல்லவள்போலப் பேசினாள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தாள். என்னால் படிக்க முடியும் என்றேன். "இருக்கட்டும் ஆன்ட்டி" என்றாள். அந்தக் கையைத் தட்டிவிடாதது இன்றும் உறுத்துகிறது.

பையை எடுக்கத் திரும்பி வந்தபோது புரோகிராமர் என் இடத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். "எல்லாரும் லோட கேன்சல் பண்றாங்க அக்கா. பழையபடியே மாத்திடுன்னு சார் சொல்லிட்டாங்க." சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எட்டுப் பெட்டிகளும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன. என்னைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, உங்க சீட்டு ஜன்னல் பக்கம் இருக்கு. நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"எடுத்துக்கோ" என்றேன். அவள் உட்கார்ந்திருந்தாள், நான் நின்றிருந்தேன். குனிந்தால்தான் அவள் முகம் தெரியும். குனியவில்லை.

கார்டு அந்த மாதத்தோடு முடிந்தது. இப்போது திரையின் நடுப்பகுதியும் தெரிவதில்லை, அல்சூர் வீட்டில் நான் சொல்லச் சொல்ல மகள் இதை அடிக்கிறாள். பக்கத்து சீட்டுக்காரி சூப்பர்வைசர் ஆகிவிட்டாளாம். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று எழுதட்டுமா என்று மகள் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.