தகரக் குழாயும் டோக்கியோ மணியும்

மலாயாவில், கிள்ளானிலிருந்து கல்யாணமாகி பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீட்டுக்கு வந்த முதல் வாரமே எனக்கு ஒரு எதிரி கிடைத்துவிட்டது. மாமியார் இல்லை, அந்த அம்மாள் பாவம், ஊரில் இருந்தார். என் எதிரி ஒரு தகரக் குழாய்.

எங்கள் பின்சந்துக்கு அந்தப் பக்கம் தமிழ் முஸ்லிம்களின் சின்னப் பள்ளிவாசல் இருந்தது. அங்கே தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் கணீரென்ற குரலாம். நான் வருவதற்குள் தொண்டை கம்மிப் போயிருந்தது. அதனால் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, ஒரு முனை அகலமாக, ஒரு முனை குறுகலாகக் குழாய் செய்து வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியெல்லாம் எங்கள் கண்ணில் படாத காலம் அது. அந்தக் குழாயின் அகன்ற வாய் நேராக என் படுக்கையறை ஜன்னலைப் பார்த்திருந்தது.

காலை ஐந்தரைக்கு அவர் வாய் திறந்தால் என் வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் அதிரும். நானும் சும்மா இருக்கவில்லை. தினமும் எழுந்து அவர் காதில் விழுகிற மாதிரி ஜன்னலை அறைந்து சாத்துவேன். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தெருவில் இது பெரிய விவாதமாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் தகரக் குழாயைப் பற்றிச் சண்டை. குழாயடிச் சண்டை என்றால் அதுதான் அசல். கடைசி வீட்டு ஓய்வுபெற்ற கிளார்க், குரல் ஆண்டவனுக்கு உரியது, அதைத் தடுக்கக் கூடாது, தகரம் மனிதன் செய்தது, அதை எடுத்துவிடலாம் என்று சட்டம் பேசுவார். ஆங்கிலத்தில் மனுவும் எழுதி எங்கேயோ அனுப்பியிருந்தார். முனைச் சாயாக்கடைக்காரர் முஸ்லிம்தான், ஆனால் நபி காலத்தில் தகரமா இருந்தது என்று எங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டார். அடுத்த வீட்டில், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், அவரோ மோதினார் கட்சி. திருவிழாவுக்கு நாம் மூன்று நாள் மேளம் அடிக்கிறோமே, அப்போது அவர்கள் மனு எழுதினார்களா என்று ஒரே கேள்வியில் எல்லார் வாயையும் அடைத்துவிடுவார். என் வாய் மட்டும் அடைபடாது. கடைசியில் மோதினார் குழாயை ஒரு சாண் தண்டவாளப் பக்கம் திருப்பி வைத்தார். சத்தம் துளிகூடக் குறையவில்லை. இருந்தாலும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று, எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது. இனிமேல் மலாயாவிலும் டோக்கியோ மணிதான். கிளார்க் தன் கடிகாரத்தை ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தார். மறுநாள் ஏழு மணிக்குப் பாங்கு கேட்டது. மனிதர் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் தெருவுக்கு ஓடி வந்து, ஐந்தரை ஏழாகிவிட்டது, என் மனு வேலை செய்துவிட்டது என்று அறிவித்தார். அதற்கப்புறம் எத்தனையோ கஷ்டம் வந்தது. அந்தக் காலைச் சிரிப்பை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

கஷ்டம் சீக்கிரமே வந்தது. ரயில் எஞ்சின் பழுது பார்க்கும் லோக்கோ ஷெட்டில் என் வீட்டுக்காரர் ஃபிட்டர். ஏழு மணிக்கு ஆஜர் என்றால் டோக்கியோ ஏழு. பாங்கு சொல்லும் நேரத்தில் ஷெட்டில் வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கும்மிருட்டில் எழ வேண்டும். எழுப்ப எதுவும் இல்லை. எங்கள் கடிகாரம் மரவள்ளிக்கிழங்காக மாறி வயிற்றுக்குள் போய்விட்டது. தெருவில் சேவல்களும் மிஞ்சவில்லை. நானே விழித்திருந்து எழுப்புகிறேன் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். இரண்டு தடவையும் அவர் தாமதம். முதல் தடவை கன்னத்தில் அறை. இரண்டாம் தடவை உச்சி வரை வெயிலில் நிற்க வைத்து, இன்னொரு முறை தாமதமானால் சயாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருடம் அது. செமினி, டெங்கில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை. சோறு என்று ஒன்று இருந்த நாளில்கூட.

அதற்கடுத்த வாரம் அவருக்கு இரட்டை ஷிஃப்டு விழுந்தது. நடுச்சாமத்துக்கு மேல் வந்து படுத்து, மறுநாள் ஏழுக்கே மறுபடியும் ஆஜர். அவரைப் போல இன்னும் நாலு வீட்டில் ஆண்களுக்கு அதே கதி. அன்று சாயங்காலம் குழாயடியில் விவாதம் தலைகீழானது. தகரத்தை எடு என்றவர்கள் எல்லாம், தகரத்தை இன்னும் பெரிதாகச் செய், பாங்கை ஒன்றரை மணி நேரம் முன்னால் சொல் என்றார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்தான். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ஐந்து பெண்களும் பள்ளிவாசல் வாசலுக்குப் போய் நின்றோம்.

மோதினார் கிணற்றடியில் துண்டு துவைத்துக்கொண்டிருந்தார். நிதானமாகக் கேட்டுவிட்டு, முடியாது என்றார். ஜப்பான்காரன் நேரத்தையே மாற்றிவிட்டானே, நீங்கள் பாங்கை மாற்றினால் என்ன என்று கேட்டேன்.

"அவங்க மணியத்தான் மாத்துனாங்க, தங்கச்சி. விடியலை மாத்தலை. நான் முன்னாடியே சொல்லிட்டா, அத நம்பி ஒருத்தர் நேரத்துக்கு முன்னால தொழுதுருவாரு. அந்தப் பாவம் எனக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்க வீட்டுக்காரரு சயாமுக்குப் போயிட்டா, உங்க விடியல் அவரத் திருப்பிக் கூட்டிட்டு வருமா, பாய்?"

பாயிண்ட்ஸ்மேன் மனைவி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மோதினார் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகுதான் பேசினார். பாங்கு சொல்ல மாட்டாராம். ஆனால் தனித் தொழுகைக்காக அந்த நேரத்தில் எப்படியும் விழித்திருப்பாராம். பள்ளிவாசலில் சுவர்க் கடிகாரமும் உண்டு. பெயர் சொல்லி ஒரு மனுஷனைக் கூப்பிட மார்க்கத்தில் தடை கிடையாது. ஆகவே ஐந்து ஆண்களின் பெயரையும் சொல்லிவிட்டுப் போங்கள், குழாயில் கூப்பிடுகிறேன் என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் எவளாவது புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதுண்டா? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். வழக்கம்போல ஒருத்தி புருஷன் பெயரை இன்னொருத்தி சொன்னாள். நாலு பெயர் முடிந்தது. என்னுடையது நின்றுவிட்டது. நான் வந்தே இரண்டு வருடம்தான். தெருவுக்கு அவர் 'நெட்டை', ஷெட்டுக்கும் 'நெட்டை'. நிஜப் பெயர் அங்கே ஒருத்திக்கும் தெரியவில்லை.

"பத்துமலையில இருக்கிறவரு பேரு" என்று ஜாடை சொன்னேன். முருகனா, வேலுவா, ஆறுமுகமா, கந்தனா என்று மோதினார் வரிசையாக அடுக்கினார். எதுவும் இல்லை. அந்தச் சாமிக்கு அத்தனை பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தொந்தரவாகப் பட்டது. ஒன்பதாம் நம்பர் வீடு என்று கூப்பிடுங்களேன் என்று கெஞ்சினேன்.

"நம்பரச் சொன்னா தூங்குறவன் எந்திரிக்க மாட்டான், தங்கச்சி. பேரச் சொன்னாத்தான் உடம்பு கேக்கும்."

சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் சயாம். எவ்வளவு குறையும் என்று யாராவது கணக்குச் சொல்லியிருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கணவன் பெயரைச் சொன்னேன். அவசரத்தில் கத்தியே விட்டேன் போலிருக்கிறது. சாயாக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மோதினார் சிரிக்கவில்லை. மறக்காமல் இருக்க அந்தப் பெயரை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் இருட்டில் அந்தக் குரல் வந்தது. பாங்குக்கு இழுப்பதைப் போலவே இழுத்து, ஒவ்வொரு பெயராக. ஐந்தாவதாக எங்கள் வீட்டுப் பெயர். கூப்பிட்ட நொடியில் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். யார், என்ன என்றுகூடக் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். நான் அன்று முழுக்க எந்த வேலையும் செய்யவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். நேரத்துக்குப் போய்விட்டாராம். சயாமுக்கு ஆள் பட்டியல் படித்தார்களாம், அதில் அவர் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் கழுவிக்கொண்டே, நெட்டை என்று கூப்பிடாமல் மோதினார் என் முழுப் பெயரைக் கூப்பிட்டாரே, யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஆயுசு விஷயத்துக்குத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"எங்கே, எங்கிட்ட ஒரு தரம் சொல்லு."