மாமாவின் தட்டும் காணாமல் போன கருஞ்சீரக ஜாடியும்

பாலஸ்தீனத்தின் நாப்லஸ் பழைய நகரத்தில் என் தாய்மாமா ராகிப் குனாஃபா இனிப்புத் தட்டைக் கவிழ்க்கும்போது கழுதைகூட நின்று பார்க்கும். ஓர் ஆள் காலை மடக்கிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய தட்டு. அடியில் நெய்யில் சிவந்த சேமியா, மேலே உருகும் பாலாடைக்கட்டி. அதைக் காலித் தட்டொன்றால் மூடி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டிச் சுழற்றி வைப்பார். வெள்ளை அடியில் போகும், ஆரஞ்சுச் சூரியன் மேலே வரும். ஓர் இழை சிதறாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு அவர் இனிப்புக் கடைக்கு வேலைக்கு வந்த நான் எதற்கும் வாய் பிளப்பதில்லை. இதற்குப் பிளப்பேன், அவர் பார்க்காதபோது.

இத்தனை வருஷப் பாரமும் அவர் தோளில் இறங்கியிருந்தது. காப்பிக் கடையில் நண்பர்கள் சிகரெட் நீட்டுவதுபோல வலி மாத்திரை நீட்டுவார்கள். "எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும்." விடியற்காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவார். இதயத்துக்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் தனி.

வயிறு எரியும். எரிந்தால் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி கருஞ்சீரக விழுது. எங்கள் ஊரில் அரைப்பது, தார்போலக் கருப்பு. "சாவைத் தவிர எல்லாத்துக்கும் மருந்துடா" என்பார். மலம் கருப்பாகப் போனபோதும் அவர் கவலைப்படவில்லை. கருப்பைத் தின்றால் கருப்புத்தானே வரும்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அந்த ஜாடியைத்தான் நான் விளையாட்டுக்காக மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சில நாள் தேடினார். ஒரு காலை, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது வெடித்தார்.

"எவன்டா என் ஜாடிய எடுத்தது?"

"பூனை தின்னிருக்கும் மாமா."

"ஆமா, ரெண்டு கால் பூனை! நாலஞ்சு நாளா நாக்குல ஒரு சொட்டு படல. இன்னைக்கும் தார் மாதிரிதான் போகுது. அப்போ அந்தக் கருப்பு எங்கேருந்துடா வருது?"

"ராகிப் அண்ணே, நாங்க சாப்பிட வந்திருக்கோம்!" என்று யாரோ கத்த, கடையே சிரித்தது.

வரிசையில் நின்ற ரிஹாப் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பவர், தெருவுக்கே டாக்டரம்மா.

"அண்ணே, பிசுபிசுன்னு போகுதா? நாத்தமடிக்குதா?"

"டாக்டரம்மா, கடையில வச்சா இதக் கேப்பீங்க?"

"கேக்குறேன். சொல்லுங்க."

"ஆமா. கொஞ்சம் தலையும் சுத்துது. தூக்கம் பத்தல, வேறொண்ணுமில்ல."

"பையில இருக்கிற மாத்திரையெல்லாம் எடுங்க."

எடுத்து வைத்தார்.

"இதும் இதும் ஒரே சாதி வலி மாத்திரை. அதோட ஆஸ்பிரின் வேற, வெறும் வயித்துல! உள்ள ரத்தம் கசியுதுண்ணே. அதான் கருப்பா வருது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"கல்யாணத் தட்டு அடுப்புல இருக்கு. அத மட்டும் கவுத்துட்டு..."

தூக்கினார். பாதியில் அவர் முகம் பாலாடைக்கட்டி நிறமானது. நான் பாய்ந்து தட்டின் மறுவிளிம்பைப் பிடித்தேன், உள்ளங்கை பொசுங்கியது. அந்தத் தட்டை இன்னொருவர் கை தொட்டது அதுதான் முதல் தடவை. கவிழ்க்காமலேயே இறக்கி வைத்துவிட்டு டாக்ஸி பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில், விளக்கு வைத்த குழாயை வாய்வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்த்த டாக்டர் எனக்குப் படத்தைக் காட்டினார். ஒரு புண், பருப்பு அளவுதான். நடுவில் ஒரு புள்ளி கசிந்தது. சூரியனையே புரட்டிப் போடுகிற மனுஷன் இந்தப் புள்ளி வழியாகவா ஒழுகிக்கொண்டிருந்தார்? குழாய் வழியாகவே அதை அடைத்தார்கள். பிறகு முகம் தெரியாத யார்யாரோ கொடுத்த ரத்தம் ஏறியது. முறுகிய ஓரத் துண்டுக்காகத் தினமும் அவரோடு சண்டை போடுகிறவனுடையதும் அதில் இருக்கலாம். நான் வாய் பிளந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

இதயத்துக்கான ஆஸ்பிரின் டாக்டர் சொல்படி தொடர்கிறது. அதைத் தானாக நிறுத்தக் கூடாதாம். வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம், மிஞ்சினால் பாராசிட்டமால். நண்பர்கள் பழையபடி எதையாவது நீட்டினால், "முதல்ல உனக்கு என்ன கலர்ல போகுது, சொல்லு" என்கிறார். சாப்பிடுகிறவர்கள் தட்டோடு எழுந்து ஓடுகிறார்கள்.

கடைக்குத் திரும்பி வந்த முதல் நாள், தட்டின் ஒரு விளிம்பை மட்டும் பிடித்தார்.

"டேய் பூனை, அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். இருவருமாகக் கவிழ்த்தோம். சூரியன் வந்தது, என் பக்கம் சற்றே சரிந்து. ஓர் இழை சிதறி விழுந்தது. திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அதை எடுத்து என் வாயில் போட்டார்.