பக்கத் தையல் இல்லாத உடம்பு

என் கணவருக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. முதலிபாளையத்தில் குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் அவருடையது. செக்கிங் பெண்கள் குறை கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த உருப்படி மறுபடி டெய்லரிடம் போய், தையல் பிரித்து, திருத்தித் தைக்கப்பட்டு வரும். அதற்கு ஆல்டர் என்று பேர். ஆல்டரில் சரியாகாத பீஸ் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில், "உன்ற கோவத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டோணும் அம்மிணி" என்று கிண்டல் செய்வார். எனக்கும் சிரிப்பு வரும்.

அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு அப்படிக் கேட்டார். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து டாக்டரம்மா எதிரே உட்கார்ந்திருந்தோம். குழந்தைக்கு மண்டையோட்டின் மேல்பாகம் உருவாகவில்லை, மூளையும் வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்று அவர் பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டார். இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏனுங் மேடம், அதை மட்டும் ஆல்டர் பண்ண முடியாதுங்களா?" என்றார். டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நான் எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். உடல்களுக்கு வடிவம் வந்த கதையை வருடாவருடம் வாய் வலிக்கச் சொல்கிறவள். முதலில் தனித்தனி செல்கள். பிரிந்தபின் விலகிப் போக வேண்டியவை போகாமல் ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொண்ட கூட்டத்தில் சில இரையைப் பார்த்துக்கொண்டன, சில இனம் பெருக்கின, எல்லா வேலையும் தெரிந்த செல்கள் ஒரே வேலையோடு நின்றுபோயின. கட்டிங்காரர் தைக்க மாட்டார், ஓவர்லாக்காரர் அயர்ன் பிடிக்க மாட்டார் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

ஆனால் அந்த ஒப்புமை அதற்கு மேல் ஓடாது. பனியன் கம்பெனியில் உடம்பு, கை, கழுத்து என்று வெட்டி வைத்துச் சேர்க்கிறார்கள். உயிர் எதையும் வெட்டிச் சேர்க்கவில்லை, மடித்தது. செல்கள் விரிப்பாகப் பரவின. விரிப்பு குழிந்து ஒரே வாயுள்ள பை ஆயிற்று. குளத்து நீரில் வாழும் ஹைட்ரா இன்னும் அந்தப் பையாகவேதான் இருக்கிறது. வேறு சிலவற்றில் பைக்கு இன்னொரு வாசல் திறந்து குழாயாகி, புழுவின் உடம்பு வந்தது. மீனும் தவளையும் கோழியும் நாமும் சேர்ந்த வரிசையில் முதுகுப்பக்கம் இரண்டாவதாக ஒரு குழாய் உண்டு. கருவின் முதுகில் தட்டையாக இருக்கும் விரிப்பின் இரு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும். அதன் முன்முனைதான் மூளையாகிறது. கோடிக்கணக்கான வருடங்களாக நடந்துவரும் மடிப்பு அது. என் வயிற்றில் அந்த முன்முனை மூடவில்லை.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் இவர் போனை வைக்கவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார்.

"கோயமுத்தூருல இதுக்குன்னே பெரிய டாக்டரு இருக்கறாராமா. போயிக் கேட்டுப் பார்த்தரலாம் அம்மிணி."

டாக்டரம்மா ஒருமுறை சொன்னதை நானும் ஒருமுறை சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று வெறுப்பாக இருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய பனியனை உருவி அவர் மடியில் போட்டேன்.

"இதைப் பிரிக்கணும்னா எங்கீங்க பிரிப்பீங்க?"

பனியனைத் திருப்பிப் பார்த்தார். "இது பாடி சைஸ் துணி. மெஷின்லயே குழாயாட்டம் வர்றது. சைடுல தையலே கெடையாதே."

"நம்ம கொழந்தையும் அப்படித்தானுங்க. யாரும் தைக்கலை. தைச்சிருந்தா பிரிச்சுச் சரி பண்ணலாம். அது மடிஞ்சு மடிஞ்சு தானா ஆனது. மேல மூட வேண்டிய எடத்துல மூடலீங்க. அவ்வளவுதான்."

"எப்ப மூடியிருக்கோணும்?"

"நாள் தள்ளிப்போனது எனக்கே தெரியாதப்பவே."

அந்த நாட்களில் நான் எந்த வகுப்பில் என்ன நடத்திக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவர் பனியனை மடித்து வைத்துவிட்டு யூனிட்டுக்குக் கிளம்பிப் போனார். இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறாரே என்று அவர்மேல் வன்மமே வந்தது.

கர்ப்பத்தைக் கலைப்பதென்று முடிவாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வலி வருவதற்கு மருந்து கொடுத்து, மறுநாள் காலையில் பிரசவம் முடிந்தது. பெண் குழந்தை. உயிர் இல்லை. "பாக்கறீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன். இப்படிப் பிறக்கும் குழந்தையின் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். புருவத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. மிச்சமிருக்கும் ஆயுளுக்கும் அந்தப் படம் என் குழந்தையின் முகமாகிவிடும் என்று பயந்தேன்.

வெளியே இவர் குரல் கேட்டது. நர்ஸிடம் ஏதோ கொடுத்து, "இதைப் போட்டு உடுங்க. அப்பறம் அவகிட்டக் காட்டுங்க" என்றார்.

துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்தார்கள். தலையில் வெள்ளைக் குல்லா, புருவம் வரை இறங்கியிருந்தது. அதற்குக் கீழே மூக்கும் வாயும் முழுசாக இருந்தன. வாய் அவர் சாடை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

குல்லாவின் ஓரத்தை விரலால் தடவிச் சுற்றி வந்தேன். தையல் தட்டுப்படவில்லை. அன்றைக்கு யூனிட்டுக்குப் போய், ஸ்வெட்டர் கைமுனைக்கென்று குறுகிய குழாயாகவே பின்னி வரும், இழுத்தால் விரிகிற ரிப் துணியைத் தேடி எடுத்திருக்கிறார். வேறெங்கும் ஊசி படவில்லை. மேல்முனையை மட்டும் சுருக்கி, மூடித் தைத்திருந்தார்.