கண்மாய்க்குள் ஒரு வாசல்

கார்த்தீஸ்வரன் அண்ணன் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்காத காரியங்களைப் படம் எடுப்பார். சேலை மழையாகக் கொட்டும். தலை இருக்க வேண்டிய இடத்தில் சோளக்கதிர் இருக்கும். எல்லாம் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றது. கணினியில் வெட்டி ஒட்டுவதெல்லாம் கிடையாது. தறி நூலில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணெதிரே நிஜமாக இருப்பதைத்தான் எடுப்பார்.

மதுரையில் நடக்கும் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு மூன்று வருடம் அனுப்பினார். மூன்று முறையும் எடுபடவில்லை. ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. குறை படத்திலா, என் ஆங்கிலத்திலா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவரிடம் கேட்டதில்லை.

நாலாவது முறைக்காகப் பீரோக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் மனைவி தேவிபிரியா வாசலை மறித்து நின்றார்.

“நான் எதப் பாத்துப் பொட்டு வைக்கிறது? இந்தத் தடவையும் வரலேன்னா கண்ணாடி பீரோவுல, கேமரா பரண்ல. சொல்லிட்டேன்.”

“சரி” என்றார் அண்ணன். அவர் சரி என்றால் சரிதான்.

அன்றுதான் அனுப்பக் கடைசி நாள். திருச்சுழி தாண்டி ஒரு வறண்ட கண்மாய்க்குள் பழைய மர வாசல்நிலையை நிறுத்தினோம். வானம் மட்டும் தெரியும்படி அதற்குள் கண்ணாடியைச் சாய்த்து வைத்தோம். பொட்டல் நடுவில் ஒரு வாசல், வாசலுக்குள் வானம். மேகம்தான் இல்லை. அது வரட்டும் என்று டீ குடிக்க ரோட்டுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது மேகம் இருந்தது. நிலை முழுக்க மஞ்சளும் குங்குமமும் இருந்தன. மேலே வேப்பங்கொத்து. பக்கத்தில் ஆடு மேய்க்கும் ராக்கம்மாள் அக்கா கிண்ணத்தோடு நின்றார்.

“நெலைய நிறுத்திட்டு மஞ்ச குங்குமம் வைக்காமயா போவீக? வீட்டுக்கு ஓடிப்போயி எடுத்தாந்தேன்.”

“வீடு கட்டலக்கா. போட்டோவுக்கு” என்றேன்.

“அப்ப யாரு குடியிருக்க?”

“யாருமில்ல.”

“யாருமில்லாத வீட்டுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கியாந்தீக! நீயெல்லாம் படிச்ச புள்ளையா?”

வெறும் மரம், வெறும் வானம் என்பதுதான் யோசனை. மேகமோ நகர்ந்துகொண்டிருந்தது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். மஞ்சள் இன்னும் அகலமாகப் பரவியது.

“ஏலே பாண்டி, கைய எடு” என்றார் அண்ணன்.

அவர் நிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அக்கா, வச்சதுதேன் வச்சீக, நீங்களே வலது கால எடுத்து வச்சு உள்ள போங்க” என்றார்.

“மொதல்ல பசுவுல்ல போகணும்?” அக்கா சுற்றிலும் பார்த்தார். ஒரு வெள்ளாட்டைக் காதைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் தள்ளினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரிக்காமல், வலது காலைத் தூக்கினார்.

ஆடும் அக்காவும் வானத்துக்குள் குடிபோவது போலப் படம் விழுந்தது.

விண்ணப்பத்தில் விளக்கம் கேட்கும் இடத்தில் வழக்கமாகப் பெரிய சொற்களை அடுக்குவேன். அன்று நடந்ததை மட்டும் எழுதினேன். “அந்தக்கா பேரையும் எம்பேருக்குப் பக்கத்துல போடு” என்றார் அண்ணன். போட்டேன். படம் தேர்வானது. என் கையை எடுக்கச் சொன்னவருக்கும், யாரோ வைத்த வாசலுக்காக வீட்டுக்கு ஓடியவருக்கும் நன்றி சொல்ல இதை எழுதுகிறேன். என் படிப்பு முதலில் கையில் கொடுத்தது துடைக்கிற துணியைத்தானே என்பதும் உறுத்துகிறது.

கண்காட்சிக்கு நால்வரும் போனோம். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், “இந்த ஆடு எதைக் குறிக்குது?” என்று கேட்டார். அண்ணன் ராக்கம்மாள் அக்காவைப் பார்த்தார்.

அக்கா கூச்சத்தோடு, “பசு இருந்தா பசுவத்தேன் விட்டுருப்போம்யா. எங்கிட்ட ஆடுதேன் இருக்கு” என்றார்.

கேட்டவர் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும், படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியில் முகம் பார்த்து, தேவிபிரியா தன் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.