மாவுக்கட்டு இல்லாத ஆபரேஷன்

பகலெல்லாம் நான் அமெரிக்கர்களின் தோள்களுக்கு எண் போடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடி பதித்த ஒரு கட்டிடத்தின் மாடியில், ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு செய்கிற வேலை. எங்கோ ஒருவர் பனியில் வழுக்கி விழுந்து தோளின் தசைநாரைக் கிழித்துக்கொள்வார். அங்கே ஒரு டாக்டர் அதைத் தைப்பார். எது கிழிந்தது, எப்படித் தைத்தார், கேமராவை உள்ளே விட்டா, தோளைத் திறந்தா என்று அவர் எழுதி வைத்ததைப் படித்து, அதற்கென்று இருக்கும் எண்ணை நான் போட்டால்தான் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு விஷயம் விளங்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரியைப் பார்த்த ஒரே ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் தெருவில் கேட்டால் மட்டும், "அதா? ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்குது" என்பார்கள்.

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் தெரு. அப்பா ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். ஆனால் அவரைக் கேட்டால் அதைச் சொல்ல மாட்டார். தெரு அம்மனுக்கு முன்தண்டில் வலது பக்கம் தோள் கொடுப்பவர் என்றுதான் சொல்லுவார். ஆடி மாதம் கூழ் ஊற்றி முடித்து, சாயங்காலம் அம்மனைப் பல்லக்கில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப் போவார்கள். அந்தப் பல்லக்கின் முன்தண்டில் வலது பக்கம் முதலில் தாத்தாவுடையதாக இருந்தது. பிறகு அப்பாவுக்கு வந்தது.

இதற்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. ஒருவருடைய இடத்தில் ஒரு வருஷம் வேறொருவர் தோள் கொடுத்துவிட்டால், இடம் புதியவருக்குப் போய்விடும். வீட்டில் சாவுத் தீட்டு என்றால் விலக்கு உண்டு. கை கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தாலும் உண்டு. அப்படிப்பட்டவரின் இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் பாரத்தைச் சேர்த்துத் தாங்குவார்கள். சர்க்கரை, முதுகுவலி, நெஞ்சுவலி என்று கண்ணுக்குத் தெரியாத எதற்கும் சலுகை கிடையாது.

அப்பாவுக்கு நேர் பின்னால் தோள் கொடுப்பவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. பல வருஷமாக அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே அம்மனைச் சுமப்பவர். அந்தப் பிடரி ஒரு நாள் தன் கண்ணெதிரிலிருந்து நகரும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

போன வருஷம் ஆனி மாதம், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அதை வாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். அவருக்கு ஆண்மை என்றால் என்னவென்று காட்டுவதற்காக அப்பா சிலிண்டரை ஒரே தூக்கில் தோளில் ஏற்றினார். மாடிப்படி பாதியில் தோளுக்குள் ஏதோ 'டப்'பென்றது. சிலிண்டர் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தது. அப்பாவின் வலது கை மட்டும் அதற்குப் பிறகு மேலே போகவில்லை.

ஸ்கேனில் தசைநார் எலும்பை விட்டு அறுந்து உள்ளே சுருங்கியிருந்தது. தினமும் நான் ஆங்கிலத்தில் படிப்பது அப்பாவின் பெயர் போட்ட காகிதத்தில் இருந்தது. முன்பெல்லாம் இதற்குத் தோளையே பிளந்து திறப்பார்கள். இப்போது பேனா தடிமனில் ஒரு குழாய், அதன் நுனியில் கேமரா. இன்னொரு துளை வழியாகக் கருவி போகும். எலும்பில் சின்னஞ்சிறு ஆணிகளை இறக்கி, அவற்றில் கோத்திருக்கும் நூலால் தசைநாரைப் பழைய இடத்தில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம். இதையெல்லாம் நான் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாவுக்கட்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார்.

மாவுக்கட்டு கிடையாது. மூன்று துளை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்திரி, கையை மாட்டிக்கொள்ள நீல நிறத்தில் ஒரு துணித்தொட்டில். அவ்வளவுதான். ஆபரேஷனை முடித்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நூல் வெறுமனே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, தசைநார் எலும்போடு ஒட்டுவது உடம்பின் வேலை, அதற்கு மூன்று மாதமாவது ஆகும், அதற்குள் எடை தூக்கினால் எல்லாம் பிய்ந்துவிடும், இரண்டாம் தடவை தைப்பதற்குச் சதை மிஞ்சாது என்றார். ஆடித் திருவிழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

தெரு ஆபரேஷன் பார்க்க வந்தது. எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆபரேஷனைப் பார்க்கத்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு அத்தை பை நிறைய ஆப்பிளோடு வந்து, அப்பாவின் தோளை எட்டிப் பார்த்து, முதுகையும் ஒரு சுற்று பார்த்து, "இவ்ளோதானா?" என்றார். பாதி ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பார். அதற்குள் அம்மா பையைக் காலி செய்துவிட்டாள்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளாஸ்திரிகளை ஆராய்ந்தார்.

"இன்னா மாப்ள, காது குத்துனா மாதிரி கீது. ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் வந்து மடியில உக்கார வெச்சிருப்பேன்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானைக்குள் சிரித்தாள். அப்பா நீலத் தொட்டிலை மடியோடு சேர்த்து மறைத்துக்கொண்டார். போகிற போக்கில் மாமா இன்னொன்றும் சொன்னார்: காது குத்தினதுக்கெல்லாம் கோயில் கமிட்டியில் இடம் நிறுத்திவைக்க மாட்டார்கள், மாப்பிள்ளைக்கு முடியாவிட்டால் சொல்லட்டும், அம்மனுக்குத் தோளா இல்லை?

படித்தவள் வீட்டில் இருக்கும்போது இப்படி நடக்கலாமா? ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வீடியோவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கண்ணால் பார்த்தால்தானே நம்புவார்கள். காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கமிட்டிக்காரர்களையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டேன். அம்மா கல்யாண கேசட் போடுவதுபோல் வீட்டைத் துடைத்து, டீ போட்டு, மிக்சர் வைத்தாள். அத்தை முன்வரிசையில் இடம் பிடித்தார்.

டிவியில் அப்பாவின் தோளுக்குள் தண்ணீர் ஓடியது. வெள்ளை வெளேரென்று எலும்பு உருண்டை. அதன் பக்கத்தில் நைந்துபோன தசைநார், கிழிந்த பாய் ஓரம்போல் தண்ணீரில் அசைந்தது. இதுதான் அறுந்தது, பாருங்கள் என்று துடைப்பக்குச்சியால் தொட்டுக் காட்டினேன். கூட்டம் உச்சுக்கொட்டியது. பாயா மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஆட்டுக்காலில் இவ்வளவு வெள்ளை வராது என்று அத்தை திருத்தினார். நான் தெம்பாக இருந்தேன். பிறகு கருவி உள்ளே வந்தது; ஆணி இறங்கியது; நீல நூல் தசைநாரைக் குத்தி வெளியே வந்து சுண்டி இழுபட்டு முடிச்சாக விழுந்தது. கேமரா அருகில் போய்க் காட்டும்போது டிவியில் அந்த நூல் தாம்புக்கயிறு தடிமனில் தெரிந்தது.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இரு இரு. ஸ்குரூ போட்டு, நைலான் கயிறு கட்டி, மூணு முடிச்சு போட்டுகீறாங்க. இன்னாத்துக்கு பயப்படணும்? மாப்ள தோள் இனிமே கிரேனு மாதிரி."

கமிட்டி தலையாட்டியது. பிறந்தபோது இருந்ததைவிட இப்போது கெட்டியாக இருக்கிறது என்று ஒருவர். தான் கிணற்றில் மோட்டார் இறக்கிக் கட்டுகிற கயிறுகூட இவ்வளவு கெட்டி இல்லை என்று இன்னொருவர். அது கேமரா பெரிதாக்கிக் காட்டுவது, நிஜத்தில் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன், ஆணி அரிசி மணி அளவு என்று நான் சொன்னதை மிக்சர் மெல்லும் சத்தம் முழுங்கிவிட்டது. எல்லாவற்றையும்விட மோசம் அப்பாவின் முகம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அது மலர்ந்திருந்தது. தன் தோளைத் தானே டிவியில் பார்த்து அவரும் நம்பிவிட்டார்.

மறுநாள் காலை, இந்த வருஷமும் தானே தூக்கப்போவதாக அறிவித்தார். நான் டாக்டரம்மா சொன்னதை மறுபடி சொன்னேன். பிய்ந்தால் அவ்வளவுதான், தலைகூட வாரிக்கொள்ள முடியாது என்றேன். என் வேலையில் இப்படிப் பிய்த்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களுக்கென்று தனியாகவே குறிப்பு வரும் என்றும் சொன்னேன்.

"நீ அமெரிக்காக்காரன் தோளுக்கெல்லாம் நம்பர் போடுற. எனக்கு இந்தத் தெருல ஒரே நம்பர்தான் கீது. முன்னாடி, வலது பக்கம். அதையும் உன் மாமனுக்கு குடுக்கச் சொல்றியா?"

இதற்கு வழி என் படிப்பில் அல்ல, தெருவின் சட்டத்தில் இருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, துணித்தொட்டிலுக்கு மேல் மாவுக்கட்டு போடலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். மருத்துவத்துக்கு அல்ல, மாமாவுக்கு என்றேன். கை அசையாமல் இருந்தால் சரி, கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், தினமும் கழற்றி முழங்கையை நீட்டி மடக்க வேண்டும் என்றார். வைக்கும்போது அவர் சிரித்தது கேட்டது.

மெடிக்கல் கடையில் மாவுக்கட்டுச் சுருள் வாங்கி வந்தேன். இட்லி மாவு கரைக்கிற குண்டானில் தண்ணீர் பிடித்து அம்மா ஒவ்வொன்றாக நனைத்துக் கொடுக்க, தொட்டிலின் மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதற்கு மேல் தோளிலிருந்து விரல் நுனி வரை கட்டினேன். காய்ந்ததும் பின்பக்கம் நீளவாக்கில் வெட்டி, நண்டு ஓடு மாதிரி கழற்றி மாட்டும்படி செய்து, அந்த வெட்டின் மேல் துணியைச் சுற்றி மறைத்தேன். அப்பா கல்யாண மாப்பிள்ளைபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முழங்கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் கனமாகப் போடச் சொன்னார்.

கட்டு வெளியே தலைகாட்டியதும் தெரு எழுந்து நின்றது. நேற்று வரை காது குத்து. இன்றைக்குப் பெரிய ஆபரேஷன். ஆப்பிள் மறுபடியும் வந்தது, கூடவே சாத்துக்குடியும். டீக்கடையில் நாற்காலி, ஷேர் ஆட்டோவில் ஜன்னலோர சீட். வீடியோவில் அறுந்த தசைநாரைப் பார்த்து மிக்சர் தின்றவர்கள், உள்ளே ஒன்றுமே இல்லாத வெள்ளை மாவைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். கமிட்டிக்காரர் நேரில் வந்து, இடம் காலியாகவே இருக்கும், கவலைப்படாதே அண்ணாத்தே என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னிடம் மெதுவாக, அந்த டாக்டர் முதலிலேயே இதைப் போட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். மறந்துவிட்டார்கள் மாமா என்றேன்.

ஊர்வலத்தன்று முன்தண்டின் வலது பக்கம் காலியாகவே போயிற்று. அப்பாவை அம்மனுக்கு முன்னால் நடக்க வைத்தார்கள். பூசாரி கட்டின் மேல் மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றினார். மாமா பின்னால் இரண்டு பேர் பாரத்தைச் சுமந்தபடி வந்தார்.

எனக்கு வேலை அத்தோடு முடியவில்லை. கையை மெல்ல உயர்த்திப் பழக்க வேண்டிய நேரம் வந்தது. அப்பா கட்டைக் கழற்ற மறுத்தார். ஆடி முடியட்டும் என்றார். ஆவணியில், முகூர்த்தம் எல்லாம் போகட்டும் என்றார். வேறொன்றும் இல்லை, கல்யாண வீடுகளில் அவருக்குப் பந்தியில் முதல் இலை கிடைத்துக்கொண்டிருந்தது. தினமும் முழங்கையை மடக்கி நீட்டியதும் அவசர அவசரமாக ஓட்டுக்குள் கையை விட்டுக்கொண்டார்.

ஒரு காலையில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இப்டியே வெச்சினு இருந்தா தோள் இறுகிடும்பா. அடுத்த ஆடிக்கு எடம் இருக்கும். கை இருக்காது."

அவர் கட்டைப் பார்த்தார். குங்குமப் பொட்டு இன்னும் மங்கவில்லை. பிறகு எழுந்து போய், மேலே சுற்றியிருந்த துணியை ஒரேயடியாக வெட்டிவிட அடுப்படியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். இடது கையால்.

அதற்குப் பிறகு சுவர் ஓரமாக நின்று விரல்களால் மேலே மேலே ஏறுகிற பயிற்சி. ஏறிய இடத்தில் அம்மா கரித்துண்டால் கோடு போடுவாள். வலியில் அப்பா என் படிப்பையும் டாக்டரம்மாவின் படிப்பையும் சேர்த்துத் திட்டுவார். காலண்டர் ஆணியை விரல் தொட்ட அன்று திட்டு நின்றது. கட்டை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. குங்குமம் வைத்ததைக் குப்பையில் போடக்கூடாது என்று அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி சாமி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

இந்த ஆடியில் டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். பல்லக்குக்கு மட்டும், சிலிண்டருக்கு இல்லை. அப்பா முன்தண்டின் வலது பக்கம் போய் நின்று, தோள் கொடுத்து, கையை மேலே தூக்கித் தண்டைப் பிடித்தார். முழுசாக மேலே போன கை. மாமா மறுபடியும் அதே பிடரிக்குப் பின்னால் போய் நின்றார்.

என் பக்கத்தில் நின்ற அத்தை முழங்கையால் என்னை இடித்தார்.

"பாத்தியா? கேமரா வுட்டு, கயிறு கட்டி இன்னா ஆச்சு? கடசில மாவுக்கட்டுதான் கை குடுத்துச்சு."

போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். அவருடைய கம்பெனி ஆள் ஒருவர் பந்து விளையாடி முட்டி ஜவ்வைக் கிழித்துக்கொண்டாராம், ஆபரேஷனாம், கட்டுப் போட மாட்டேன் என்கிறார்களாம். எங்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறது, கொடுத்தால் கொண்டுபோய் வைப்பேன் என்றார். தோளுக்குச் செய்ததை முட்டிக்கு எப்படி வைப்பது என்று அம்மா கேட்டாள். சாமி பொட்டு வைத்தது, எங்கே வைத்தாலும் கேட்கும் என்றார்.

அப்பா நாற்காலி போடாமல், எட்டி, வலது கையாலேயே அதை மேல் தட்டிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.