அவ சொல்லி முடிக்கட்டும்

“சொல்றதச் சட்டுனு சொல்லித் தொலையேன்டி! உன் வாயையே பாத்துட்டு நின்னா என் பஸ் போயிடும்!”

அண்ணி இப்படிக் கத்தியபோது அவள் வலது கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், காலடியில் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திட்டு வாங்கியவள் நாத்தனார். “ப... ப...” என்று திறந்த வாயை அப்படியே மூடினாள். மூடியது மூடியதுதான். பன்னிரண்டு நாள் திறக்கவில்லை.

இந்த நாத்தனாருக்குச் சந்தையில் ஸ்பீக்கர் என்று பெயர். முப்பது வருடம் துணி விற்றவள். அவள் கூவினால் மூன்றாம் தெருவில் தூங்குகிறவன் எழுந்து வந்து இரண்டு துண்டு வாங்கிப் போவான். வீட்டிலும் அதே வாய்தான். அண்ணி ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அண்ணியின் புருஷன், அதாவது ஸ்பீக்கரின் கூடப்பிறந்த அண்ணன், இந்த இரண்டு வாய்க்கும் நடுவில் கிடந்து நசுங்கிப் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ‘இவ வாய் அடைச்சுப் போகக் கூடாதா’ என்று அண்ணி எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டதுண்டு. மறைப்பானேன்?

அடைத்தே போனது. மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. கை கால் திரும்பி வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. வார்த்தை உள்ளேதான் இருக்கிறது, வெளியே வர நேரமாகும், பொறுத்திருந்து கேளுங்கள், விட்டுவிட்டால் ஒரேயடியாய்ப் போய்விடும் என்றார் டாக்டர். பொறுமைக்கு அண்ணி எங்கே போவாள்? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மணிக்கு அறுபது போர்வை தேய்த்து மடிக்கிறவள். அங்கே அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சோற்றையும் நின்றுகொண்டேதான் தின்பாள். ஸ்பீக்கர் “த...” என்றால், “தண்ணியா? தலவலியா? தலகாணியா?” என்று இவளே முடித்துவைப்பாள். பத்துக்கு எட்டு தப்பு. கடைசியில் அந்தக் காலைக் கத்தல்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் டிவி, மிக்ஸி, மெஷின், இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஒன்றாக ஓட, டப்பென்று ஃபியூஸ் போனது. அண்ணி மின்சாரத்தைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் திட்டி முடித்து மூச்சு வாங்கினாள். அப்போதுதான் வீட்டில் சத்தமே இல்லை என்பது அவள் காதுக்கு எட்டியது. எங்கோ ஒரு மூடி தடதடவென்று ஆடியது. அவள் முதுகுக்குப் பின்னால்...

“பொ... ங்... குது.”

அண்ணி திரும்பினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை யார் பார்த்தது? அவள் ஸ்பீக்கரின் வாயைப் பார்த்தாள். அந்த வாய் இன்னொரு தடவை திறந்தது. ‘அடுப்பா’ என்று நுனிநாக்குவரை வந்ததை அண்ணி விழுங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

“அ... டுப்ப... அணை.”

அரை லிட்டர் பாலும் தரையில். அண்ணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது.

மறுநாள் எலெக்ட்ரீசியன் வந்து சரி செய்தான். “லோடு தாங்காதும்மா. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணப் போடாதீங்க.” அவன் சொன்னது கம்பியைப் பற்றி. அண்ணி ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவன் போனதும் டிவியைப் போட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கர் வாய் பூட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கினாள், அரை மணியில் “கா... பி” வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாய்ப் போனது. டிவிமேல் துணி போர்த்தியாயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போன் அலமாரிக்குள். மெஷின் வாரத்துக்கு ஒரு நாள், ஸ்பீக்கர் தூங்கும்போது மட்டும். மூன்று வகைச் சமையல் ஒன்றாயிற்று. காலை ஷிப்டை விட்டு மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. “என்னக்கா, எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சா?” என்று சலவைக்கூடத்தில் சிரித்தார்கள். “பாசஞ்சர்லதான்டி ஜன்னல்ல எதாவது தெரியுது” என்றாள்.

தெரிந்ததுதான். ஒரு வார்த்தை பிறப்பதை அண்ணி அதற்குமுன் பார்த்ததில்லை. முதலில் புருவம் சுருங்கும். தொண்டையில் ஏதோ ஏறும், பாதி வழியில் நிற்கும், இறங்கும், மறுபடி ஏறும். உதடு அதைத் தேடும். கண்ணில் தண்ணீர் கட்டும். பிறகு முழுசாக வந்து விழும். முப்பது வருடம் அந்த வாய் மூட்டை மூட்டையாகக் கொட்டியதில் ஒன்றையாவது இவள் திரும்பிப் பார்த்திருப்பாளா? இப்போது ஒரு ‘உப்பு’க்காக வாயைப் பிளந்து நிற்கிறாள்.

நான்காம் மாதம் ஒரு மத்தியானம், ஷிப்டுக்குக் கிளம்பும்முன் தட்டைக் கையில் ஏந்தி நின்றவளைப் பார்த்து ஸ்பீக்கர் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது.

“குதிரையாட்டம்... நின்னுக்கிட்டே... திங்காதீங்க... அண்ணி. உக்காருங்க.”

முழு வாக்கியம்! அதுவும் வசவோடு!

“இதச் சொல்லத்தானாடி இவ்ளோ நேரம்?” என்று அண்ணி மூக்கைச் சிந்தினாள். உட்கார இடம் தேடினாள். வீட்டில் ஒரே நாற்காலி. அதில் ஸ்பீக்கர் இருந்தாள்.

அந்த வாரமே இருவரும் பழைய சாமான் கடைக்குப் போனார்கள். ஒரு மர நாற்காலி. கடைக்காரன் தொள்ளாயிரம் என்றான். ஸ்பீக்கர் அதன் முதுகைப் பிடித்து அசைத்தாள். வாயைத் திறந்தாள்.

“ஆ...”

“ஆமாம்மா, அசல் மரம், பாருங்க...”

“யோவ், அவ சொல்லி முடிக்கட்டும்!” என்றாள் அண்ணி.

கடையே வாய் மூடியது. ஸ்பீக்கர் அவனையே பார்த்தபடி வார்த்தையைத் தேடினாள். கடைக்காரனுக்கு வியர்த்தது. “சரி, எழுநூறு குடுங்க.” அவள் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. “அறுநூறு!” இன்னும் வரவில்லை. “ஐந்நூறும்மா. அதுக்குக் கீழ என் கைய விட்டுப் போகும்.” அண்ணி மூச்சுக்கூட விடவில்லை.

“ஆ... டு... து,” என்று சொல்லி முடித்தாள் ஸ்பீக்கர்.

கடைக்காரன் குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தான். ஆடத்தான் செய்தது. தலையில் அடித்துக்கொண்டான். தொண்டை கிழியக் கத்திய காலத்தில்கூட ஸ்பீக்கர் இப்படி ஒரு விலை படிய வைத்ததில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அண்ணி இப்போது சாப்பிடுகிறாள். விலை முந்நூற்று எண்பது.